பாதிப் பாய்

1. பழவேற்காட்டுப் பாலம் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஒரு குப்பத்தில், இடுப்புவலிக்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் தளர்வுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கப் போனேன்.
2. அங்கே நாற்பதைக் கடந்த ஒரு மீனவர், பல வருஷத்து வலியோடு வந்தார்.
3. பாயில் படுக்கும்போதெல்லாம் அவர் இடது பாதியில் மட்டும் படுத்தார்.
4. வலி குறைந்தது. ஏரிக்குப் போய்வந்தால் மறுபடி ஏறியது.
5. அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க அவருடைய படகில் ஏறினேன்.
6. ஒரு கேள்வி கேட்டேன். பதில் சொன்னார்.
7. அந்தப் பதில் சரியா தவறா என்ற வாதத்துக்குப் போகாமல், அதை வைத்தே சிகிச்சையை மாற்றினேன்.

நடந்தது இவ்வளவுதான். ஏழு வரிகளில் அடங்கிவிடுகிறது. ஆனால் மூன்றாவது வரியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு முதுகுப்பக்கம் யாரோ வந்து நிற்பது போல் இருக்கும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபி படித்தவள். பொன்னேரிக்கு உள்ளே, நெல் விளைகிற ஒரு கிராமம் என் ஊர். ஏரியை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்து வளர்ந்தேனே தவிர, அதில் கால் நனைத்ததுகூட இல்லை. என் வேலையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் இதை மந்திரம் என்றோ ஏமாற்று என்றோ நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. நாள்பட்ட இடுப்புவலியில், ஸ்கேனில் தெரிகிற சேதத்துக்கும் ஆள் படுகிற வேதனைக்கும் பல சமயம் பொருத்தம் இருக்காது. வலி பழகிய உடம்பு, இன்னும் ஓர் அடி விழப்போகிறது என்று தசைகளை இறுக்கியே வைத்திருக்கும். அந்த இறுக்கமே அடுத்த வலியைக் கொண்டுவரும். மருந்தும் உடற்பயிற்சியும் அவற்றின் வேலையைச் செய்ய, கூடவே இந்த இறுக்கத்தை விடப் பழக்குவதுதான் தளர்வுப் பயிற்சி. வலியை வேரோடு பிடுங்காது. தூக்கத்தைக் கொஞ்சம் மீட்டுத் தரும், வலியைப் பற்றிய பயத்தைக் குறைக்கும். இதற்கு மேல் யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை.

பயிற்சி நடந்தது புயல் பாதுகாப்பு மையத்தின் மாடி ஹாலில். தூண்கள் மேல் நிற்கிற கட்டடம். கிழக்கு ஜன்னலில் கடல், மேற்கு ஜன்னலில் ஏரி. புயல் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கும். மதியம் கதவைத் திறந்தால், நிறையப் பேர் இப்போதுதான் எழுந்து போன இடம் போல ஒரு வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கும். ஜன்னல்களைத் திறந்துவிட்டால் காற்று கடல் பக்கம் நுழைந்து ஏரிப் பக்கம் வெளியேறும். பாய்களின் ஓரங்கள் படபடக்கும்.

முதல் வாரம் என் கையில் இருந்தது நகரத்தில் எல்லோருக்கும் வாசிக்கிற உரை. கண்ணை மூடுங்கள், அமைதியான நீரின் மேல் மல்லாந்து மிதக்கிறீர்கள், கை கால் கனம் இழக்கிறது, அலை உங்களை மெல்ல எடுத்துப் போகிறது. வாசித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். ஒருவர்கூடத் தளரவில்லை. இரண்டு ஆண்கள் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். கூடை சுமந்து இடுப்பு ஒடிந்துபோன ஒரு மீன்காரம்மா, கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“தண்ணி மேல மல்லாக்க மெதக்குறவங்கள நாங்க பாத்துக்கீறோம்மா. அவங்கல்லாம் நல்லாத்தான் தளந்து கெடந்தாங்க. வேற எதுனா சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவர்களை என் ஊர்க் களத்தில் வைக்கோல் மேல் படுக்கவைத்தேன். வைக்கோல் அரிக்கும் என்றார்கள். கற்பனையெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டு மூச்சையும் தசையையும் மட்டும் வைத்துக்கொண்டேன். மூச்சை இழுப்பது குறைவாக, விடுவது நீளமாக. கால் விரலில் தொடங்கி ஒவ்வொரு தசையாக இறுக்கி, சற்றுப் பிடித்து, விடுவது. இது பிடித்துப்போனது. தொடைக்கு வருவதற்குள் மீன்காரம்மா குறட்டை விடுவார்.

அந்த மீனவர் வந்தது அதற்குப் பிறகு. மனைவி கூட வந்தார். பேசியதும் மனைவிதான். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்த நாளில் போகாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. போன பாட்டில் இவர் பல முறை வலியில் படுத்துவிட்டார். இந்தச் சீட்டில் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஊரில் பேச்சு நடக்கிறது. சீட்டுப் போடுவதற்குள் இவர் நிமிர்ந்தாக வேண்டும்.

“பாட்டுலேர்ந்து பேரை எடுத்துட்டாங்கன்னா, வூட்டாண்ட கட்டிப்போட்ட ஆடு மாதிரி ஆயிடுவாரும்மா,” என்றார் மனைவி. “இவருக்குத் தண்ணி இல்லாம இருக்கத் தெரியாது.”

கணவர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். இடது இடுப்புத் தசை முறுக்கிய கயிறு போலத் திரண்டிருந்தது, வலப்பக்கம் சாதாரணமாக இருந்தது. காலில் மரத்துப்போதல் இல்லை, பலம் குறையவில்லை. பயப்படும்படியான அறிகுறி எதுவும் இல்லை. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டேன். எட்டு என்றார்.

நான் விரிப்பது அகலமான கோரைப்பாய். ஒருவருக்கு ஒரு பாய் கொடுத்துக் கையைக் காலை அகற்றிப் படுக்கச் சொல்வது வழக்கம். அவர் இடது ஓரமாகப் படுத்து, வலது கையை மடித்து மார்பின் மேல் வைத்துக்கொண்டார். ரயிலில் பக்கத்து ஆளுக்கு இடித்துவிடக் கூடாது என்று ஒடுங்குவோமே, அப்படி. நடுவுக்கு வரச் சொன்னேன், வந்தார். மூச்சுப் பயிற்சியை நானும் கண்ணை மூடிச் செய்துவிட்டுத் திறந்தபோது மறுபடி இடது ஓரத்தில் இருந்தார். கோரைப்பாயில் ஆள் நகர்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வேண்டுமென்றே ஒடுக்கமான பாய் ஒன்றைப் போட்டேன். பாதி உடம்பு பாயிலும் பாதி உடம்பு சிமென்ட் தரையிலுமாகப் படுத்தார். வலது பக்கம் பாய் காலியாக இருந்தது. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

இன்னொரு நாள் ஹால் நிறைந்திருந்தது. தாமதமாக வந்த ஒரு பெண், தன் குழந்தையை அந்தக் காலிப் பாதியில் கிடத்தப் போனார். மீன்காரம்மா குரல் கொடுத்தார்.

“அங்க வாணாம் தங்கச்சி. ஆள் கீது.”

பிறகு நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, அங்கே ஈரமாக இருக்கிறது, அதைத்தான் சொன்னேன் என்றார். எல்லோரும் போன பின் குனிந்து தடவிப் பார்த்தேன். பாய் காய்ந்துதான் இருந்தது.

வீட்டில் தினமும் செய்ய என் குரலைப் பதிவு செய்து தர முடியுமா என்று மனைவி கேட்டார். ஹாலில் பயிற்சி நடக்கும்போதே பதிவு செய்தேன். போனை அந்த மீனவரின் தலைமாட்டில் வைத்திருந்தேன். பொன்னேரிக்குத் திரும்பும் பஸ்ஸில், அனுப்புவதற்கு முன்னால் காதில் மாட்டிக் கேட்டேன். வெளியே இறால் பண்ணைகளின் மேல் சாயங்கால வெளிச்சம் இருந்தது, பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். என் குரல் நிற்கும் இடைவெளிகளில் கடல் இரைச்சலும், தூரத்தில் மீன்காரம்மாவின் குறட்டையும், அருகில் அவர் மூச்சும் கேட்டன. நான் சொல்லிக்கொடுத்தபடியே குறைவாக இழுத்து நீளமாக விட்டார். அந்த நீளமான மூச்சு போய்க்கொண்டிருக்கும்போதே, அதே நெருக்கத்தில் இன்னொரு மூச்சு உள்ளே இழுபட்டது.

திரும்ப ஓட்டிக் கேட்டேன். எதிரொலியாக இருக்கலாம், ஹால் வெறுஞ்சுவர். ஜன்னல் காற்றாக இருக்கலாம். போனே சத்தங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்திருக்கலாம். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து அனுப்பிவிட்டேன். மறு வாரம் மனைவியிடம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். அதைப் போட்டால் அவர் நன்றாகத் தூங்குகிறார், தனக்குத்தான் தூக்கம் போய்விட்டது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வலி எட்டிலிருந்து ஐந்துக்கு வந்தது. குனிந்து எழுவது இலகுவானது. ஆனால் ஏரிக்குப் போய்வந்த மறுநாள் மறுபடி எட்டு. இப்படியே மேலும் கீழுமாகப் போனதால், கோளாறு வேலையில் இருக்கிறது, பாயில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சீட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அவர் படகில் நானும் வருகிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு, நடுப்பலகையில் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அங்கே ஏரி ஆழம் இல்லை. மோட்டார் போடாமல் நீண்ட மூங்கில் கழியை ஊன்றித் தள்ளியே போகிறார்கள். படகின் பின்பக்கம் ஒருவர் மட்டும் நின்றால் நடுவில் நிற்பார், கழியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி ஊன்றுவார். இருவர் என்றால் ஆளுக்கு ஒரு பக்கம். சுற்றிலும் போன படகுகளில் அப்படித்தான் நின்றிருந்தார்கள். இவர் தனி ஆள். இடது ஓரத்தில் நின்றார். இடது பக்கம் மட்டுமே ஊன்றினார். அப்படி ஊன்றினால் படகு வலப்பக்கம் திரும்பும். அதை நேராக்க ஒவ்வொரு தள்ளலின் முடிவிலும் இடுப்பை முறுக்கிக் கழியை வெளியே தள்ளினார். வருஷக்கணக்கில் இதைச் செய்கிற இடுப்பு வேறு எப்படி இருக்கும்?

காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், நடுவில் நின்று ஊன்றுங்கள் என்றேன். நின்றார். வலை கட்டும் கம்புகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கத் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தபோது இடது ஓரத்தில் இருந்தார்.

எதிரே ஒரு படகு வந்தது. அதில் இரண்டு பேர். பெரியவர் கழியை ஊன்றியபடியே எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“இன்னாடா, அண்ணனும் தம்பியுமா டாக்டரம்மாவ ஏத்திக்கினு சவாரி போறீங்களா?”

கூட இருந்தவர் சிரிக்கவில்லை. இவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தள்ளினார். படகு போய்விட்டது. பகல் பத்து மணி வெயில் முகத்தில் அடித்தது. தண்ணீர் இடுப்பளவுதான், கரையில் துணி காய்வது தெரிந்தது. ஆனாலும் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சற்று நேரம் கழித்துத் திரும்பியபோது, இவர் நின்ற இடத்தில் நீலப் பெயின்ட் தேய்ந்து அடிப்பலகை தெரிந்தது. வலது ஓரத்திலும் அதே அளவு, இரண்டு பாதம் நிற்கும் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. பழைய தேய்வு போலும் என்று நினைத்தேன். படகுக்குப் பெயின்ட் அடித்தது இந்தத் தையில்தான் என்று பிறகு மனைவி சொன்னார். வலை இழுக்கும்போது இவரே அங்கே நின்றிருக்கலாம். அப்படித்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது கேட்டேன். வலது பக்கத்தை யாருக்காக விடுகிறீர்கள்?

தம்பிக்கு என்றார். மறைக்கிற தொனியே இல்லை. தம்பி போய்ப் பல வருஷம் ஆகிறது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. இவர் நீந்திக் கரையேறினார். தம்பியை அன்று சாயங்காலமே கண்டெடுத்தார்கள். காரியங்கள் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன.

“நாந்தான் செஞ்சேன். அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியாதாம்மா?”

பின்னே ஏன் இடம் விட வேண்டும் என்று கேட்டேன். அவர் கழியை நிறுத்தினார். படகு தானாகக் கொஞ்ச தூரம் போனது. என்னை, சின்ன விஷயம்கூடப் புரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“நான் நடுவுல நின்னா, அவன் எங்கம்மா நிப்பான்?”

கரை சேர்ந்தோம். பிறகு மனைவியிடம் விசாரித்தேன். தம்பி போனதிலிருந்து இப்படித்தான் என்றார். சாப்பாடு, பேச்சு, கணக்கு வழக்கு எதிலும் பிசகில்லை. தம்பியிடம் பேசுவதில்லை, அழுவதில்லை, யாரையும் தொந்தரவு செய்வதில்லை. இடம் மட்டும் விடுவார். ஊருக்கே தெரியும். முதலில் கிண்டல் செய்தார்கள், அப்புறம் அவர்களும் விட்டு நடக்கப் பழகிவிட்டார்கள். பொன்னேரியில் மனநல ஆலோசனைக்குப் போய்வரச் சொன்னேன். இருவரும் போய்வந்தார்கள். அங்கே தம்பியைப் பற்றிப் பேசவைத்திருக்கிறார்கள், மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அது தன் வழியில் போகட்டும். என் முன்னால் இருந்தது ஓர் இடுப்பு, அதை ஒரே பக்கமாக முறுக்குகிற வேலை, நெருங்கி வரும் சீட்டு. நடுவில் நில்லுங்கள் என்று நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தத் தசை இன்னும் இறுகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இறுக்கத்தை விடச் சொல்லித்தானே எனக்குப் பயிற்சி.

அடுத்த முறை கரையில் அவரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன்.

“அண்ணே, ஒரு நாள் தம்பிய இந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்களேன். நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க.”

அவர் ஏரியைப் பார்த்தார். “அவனுக்கு இந்தப் பக்கம் பழக்கம் இல்லம்மா.”

“பழகிக்க மாட்டாரா?”

“கேட்டுப் பாக்கறேன்,” என்றார்.

அந்த வாரம் ஹாலுக்கு அவர் சற்று முன்னதாகவே வந்தார். பாயை விரித்தேன். வலது பாதியில் படுத்தார். இடது கையை மடித்து மார்பில் வைத்துக்கொண்டார். ஹாலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். மீன்காரம்மா தன் பாயில் சாய்ந்தபடியே, எடம் மாறிக்கினாங்களா என்று யாரையும் கேட்காமல் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அன்று கண்ணை மூடவில்லை. கால் விரலை இறுக்கச் சொன்னேன், விடச் சொன்னேன். கெண்டைக்கால், தொடை, வயிறு என்று வந்தேன். கடல் காற்று பலமாக இருந்தது. அவர் பாயின் இடது ஓரம் மற்றப் பாய்களைப் போலவே எழும்பி எழும்பித் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. தோளை இறுக்கச் சொல்லி, பிடிக்கச் சொல்லி, ‘விடுங்கள்’ என்றேன். அந்த ஓரம் தரையோடு படிந்தது. காற்று நிற்கவில்லை. பக்கத்துப் பாய்கள் படபடத்துக்கொண்டேயிருந்தன. பயிற்சி முடிந்து எல்லோரையும் மெதுவாக ஒருக்களித்து எழச் சொல்லும்வரை அது படிந்தே இருந்தது. நான் குரலை ஒரே சீராக வைத்துக்கொண்டேன். வேலையில் அதுதான் முக்கியம்.

அவர் எழுந்து இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு என்று கேட்டேன். நாலு என்றார்.

சீட்டுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த ஆளால் பாட்டுக்குப் போக முடியுமா, நடுவில் படுத்துவிடுவாரா என்பதுதான் கேள்வி. மனைவி சற்றுத் தள்ளி, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நான் மூன்று விஷயம் சொன்னேன். ஒரே பக்கம் நின்று ஊன்றியதுதான் வலிக்குப் பெரிய காரணம். பக்கம் மாற்றி நின்றால் உடம்பு தாங்கும். படகைக் கரையேற்றுகிற வேலையில் மட்டும் கொஞ்ச நாள் ஆள் துணை வேண்டும். தம்பியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

பெரியவர்களில் ஒருவர், அன்று எதிர்ப்படகில் வந்தவர், மாறி நிற்கிறானா என்று கேட்டார். நிற்கிறார் என்றேன். அவர் மற்றவர்களைப் பார்த்தார்.

“அப்ப சரி,” என்றார். “பேரைச் சேருங்க.”

இப்போதைய நிலைமை இது. அவர் பெயர் பாட்டில் இருக்கிறது. தன் முறை வந்த நாட்களில் இதுவரை போகாமல் இருந்ததில்லை. முதல் தடவை போய்வந்த மறுநாள் வலி ஆறுக்கு ஏறியது, பிறகு தானாக இறங்கியது. பெரும்பாலான நாட்களில் மூன்று, நாலு. வலி போய்விடவில்லை, போய்விடும் என்று நான் சொல்லவும் இல்லை. இடது இடுப்புத் தசையின் திரட்சி குறைந்திருக்கிறது. ஆலோசனைக்கு மாதம் ஒருமுறை போகிறார். ஹாலில் பயிற்சி தொடர்கிறது. படகில் ஒரு நாள் இடது பக்கம் நிற்கிறார், ஒரு நாள் வலது பக்கம் நிற்கிறார். நடுவில் நிற்கச் சொல்லி நான் கேட்பதில்லை.